வாசலில் வந்து திட்டுகிறவள்

மைக்கக்காவுக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே போய்க்கொண்டிருப்பாள். பேருந்து நிலையத்து மாடியில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது தாமதம், யாருடைய பை காணாமல் போயிருக்கிறது என்று மைக்கில் சொல்வது அவள் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் சேர்ந்தது. ஊரில் பாதிப் பேர் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. ஆனாலும் காய்கறிக் கடையில் "தக்காளி அரைக் கிலோ" என்று அவள் வாயைத் திறந்தால் நாலு தலையாவது திரும்பும்.

வீட்டுக்காரர் தையற்காரர். வாயில் எப்போதும் ஊசியோ நூலோ இருக்கும் என்பதால் அவருக்குப் பேச்சு குறைவு. அந்த வீட்டில் இரண்டு பேருக்கான பேச்சையும் அவளே பேசித் தீர்த்தாள். மிச்சம் மீதி இருந்ததை அண்ணனிடம் கொண்டுபோய்க் கொட்டினாள்.

அண்ணன் படகு எஞ்சின் மெக்கானிக். ஊர் அவரைக் 'கிரீஸ்' என்று கூப்பிட்டது. கல்யாணப் போட்டோவில்கூட அவர் நகக்கண்ணில் கறுப்பு தெரியும். பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு தங்கையை வளர்த்ததும், படிக்க வைத்ததும், பேருந்து நிலையத்தில் யார் யார் காலையோ பிடித்து வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். "உன் வாய்க்கு மைக் வேற எதுக்குன்னு கேட்டாங்க, நான்தான் கெஞ்சிக் கேட்டு வாங்கிக் குடுத்தேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். அவளும் சும்மா இருக்க மாட்டாள். இரண்டு பேரும் சேர்ந்தால் எலியும் பூனையும்தான். நடுவில் அண்ணி, "உங்க சண்டையில என் அடுப்பு அணைஞ்சு போச்சு" என்று இரண்டு பேரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவாள்.

அண்ணனுடைய வீடும் பட்டறையும் ஒரே கூரைக்குக் கீழே, பட்டறைத் தெருவில் இருந்தன. ஆறு கடலில் சேருகிற இடத்துக்குப் பக்கத்துத் தெரு அது. ஊரிலேயே பள்ளமான தெருவும் அதுதான். லேத் பட்டறை, வெல்டிங் கடை, ஒரு டீக்கடை, எல்லாவற்றுக்கும் மேலே தகரக் கூரைகள். மழை நாலு நாள் சேர்ந்து பெய்தாலே அங்கே தவளை வாசல்படி ஏறும். புயல் என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் அந்தத் தெருக்காரர்களை அசைப்பது லேசான காரியமில்லை. எஞ்சினையும் மோட்டாரையும் தலையில் தூக்கிக்கொண்டா ஓட முடியும்?

பல வருஷத்துக்கு முன்னால் நகராட்சியில் புயல் எச்சரிக்கை சொல்ல ஆள் தேடினார்கள். வழக்கமாகச் சொல்கிறவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மைக் என்றால் யார்? மைக்கக்கா. ஆட்டோவில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டி அவளை ஏற்றிவிட்டார்கள். எழுதிக் கொடுத்ததை எழுத்து மாறாமல் படித்துக்கொண்டு போனாள். பொதுமக்கள் தாழ்வான பகுதிகளை விட்டு உடனடியாகப் பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டும் என்று, காணாமல் போன பையைப் பற்றிச் சொல்வது போலவே சொன்னாள். பட்டறைத் தெருவும் அதே மாதிரி கேட்டுக்கொண்டு நின்றது. வேறு யாருடைய பையோ என்பது போல.

அண்ணன் வாசலில் குத்தவைத்து ஒரு எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தார். தலையைக்கூடத் தூக்கவில்லை. அவளுக்கு வந்ததே கோபம்! கையில் மைக் இருப்பதையே மறந்துவிட்டாள்.

"அண்ணா! உனக்குத்தான் சொல்றேன்! காது என்ன அடைச்சிருக்கா? அந்த எஞ்சினைக் கட்டிக்கிட்டு அழுதது போதும், எந்திரி! அண்ணியை அனுப்பிட்டு நீ மட்டும் உக்காந்துக்கலாம்னு பாக்காதே. வந்தேன்னா ஸ்பேனரைப் பிடுங்கி ஆத்துல எறிஞ்சிடுவேன்!"

குழாய் வழியாக அது மூன்று தெருவுக்குக் கேட்டது. பட்டறைத் தெரு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிரித்து முடித்த கையோடு, இவ்வளவு தூரம் சொல்கிறாளே என்று மூட்டை கட்டவும் ஆரம்பித்தது. கிரீஸ் அண்ணனே முணுமுணுத்துக்கொண்டு எழுந்தார். அந்தப் புயல் வந்தது, பாதிக் கூரைகளைக் கொண்டுபோனது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. எச்சரிக்கை வண்டி வரும், அவள் படிப்பாள், அண்ணன் வாசலில் நிறுத்தித் திட்டுவாள், தெரு கிளம்பும். ஒரு வருஷம் புயல் வலுவிழந்துவிட்டது என்று வழியிலேயே தகவல் வர, திட்டாமல் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனாள். அந்தப் புயல் சாதாரண மழையாகப் போனது. அதோடு பட்டறைத் தெருவுக்கு ஒரு கணக்குப் பிடிபட்டுவிட்டது. ரேடியோ சொல்லட்டும், டிவி சொல்லட்டும், மைக்கக்கா வந்து அண்ணனைத் திட்டினால்தான் புயல். முதலில் வேடிக்கையாகத்தான் சொன்னார்கள். சொல்லிச் சொல்லி அது நம்பிக்கையாகிவிட்டது. அண்ணனும் அதை ஒரு மரியாதையாகவே வைத்துக்கொண்டார். "என் தங்கச்சி வந்து கத்தட்டும், அப்புறம் எந்திரிக்கிறேன்" என்று கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார். திட்டு வாங்குவதில் அவ்வளவு பெருமை அவருக்கு.

அந்த வருஷம்தான் பட்ட காலிலேயே பட்டது. ஒரே பருவத்தில் நாலு புயல். புயலுக்குப் பெயர் வைக்கிறவர்கள் எங்கேயோ குளிர்ந்த அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பட்டப்பெயர் வைக்கிறவர்கள் ஊரில் இருக்கிறார்கள். முதலில் வந்ததற்குப் 'பெரியவன்' என்று வைத்தார்கள். அது படகுகளைத் தூக்கி ரோட்டில் போட்டது, பள்ளிக்கூட மைதானத்து மரங்களை வேரோடு சாய்த்தது, கிணற்றிலெல்லாம் உப்புத் தண்ணீரை விட்டது. அவள் வண்டியில் போய்ப் படித்தாள், திட்டினாள், தெரு கிளம்பியது. உயிர்ச்சேதம் இல்லை.

அதற்குப் பிறகு நகராட்சி அதிகாரி அவளைக் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர். இரண்டு நாளாகத் தூங்காத கண்.

"ஒரு வண்டியில நீங்க ஊரெல்லாம் சுத்தி வர்றதுக்குள்ள பொழுது போயிடுதும்மா. உங்க குரலைப் பதிவு பண்ணிக்கிட்டா நாலு வண்டி ஒரே நேரத்துல போகும். உங்க குரல்னா ஜனங்க கேக்கறாங்க."

அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. தொண்டையும் புண்ணாகிக் கிடந்தது. நகராட்சிச் சாமான் அறையில் மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, வேர்க்க வேர்க்கப் படித்தாள். முடிக்கும்போது வாய் சும்மா இருக்காமல், "அண்ணா, உனக்கும் சேர்த்துத்தான்" என்று சொல்லிவிட்டாள். அதிகாரி சிரித்தார். "எல்லாத் தெருவுக்கும் போகுதும்மா, அந்த ஒரு வரி மட்டும் வேண்டாமே" என்றார். நியாயம்தானே என்று அவளும் சிரித்தாள். அதை நீக்கிவிட்டார்கள். யார் மேல் கோபப்படுவது? ஆள் ஆளுக்கு நல்லதைத்தான் செய்தார்கள். வயிற்றெரிச்சலே அதுதான்.

இரண்டாவது புயலுக்கு நாலு வண்டியும் போயின. பென் டிரைவில் ஓடிய அந்தக் குரலை ஊர் 'டேப்' என்றே சொன்னது. பட்டறைத் தெரு கேட்டது, திட்டு வரவில்லை, யாரும் நகரவில்லை. அந்தப் புயலோ கரைக்குப் பக்கத்தில் வந்து, என்ன நினைத்ததோ, வேறு பக்கம் திரும்பிப் போய்விட்டது. 'டிமிக்கி' என்று அதற்குப் பெயர். ஊரில் மற்ற தெருக்காரர்கள் பள்ளிக்கூடத்தில் கொசுக்கடி பட்டுத் திரும்பி வந்தபோது, பட்டறைத் தெரு டீ குடித்துக்கொண்டே அவர்களைக் கிண்டல் செய்தது. கிரீஸ் அண்ணன் தங்கைக்குப் போன் போட்டு, "உன் டேப்புக்குப் பயந்து புயலே ஓடிடுச்சு" என்றார். அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு கூசும்.

மூன்றாவதற்கு யாரும் பட்டப்பெயர் வைக்கவில்லை.

காலையிலேயே கரண்ட் போய்விட்டது. போன் கோபுரமும் போய்விட்டது. பேருந்து நிலையத்தில் ஜெனரேட்டரைப் போட்டு, மேட்டுப் பகுதிக்குப் போகிற வண்டிகளை ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். குழந்தையைத் தொலைத்தவர்கள், மாத்திரையை வீட்டில் விட்டு வந்தவர்கள். மைக்கை விட்டு அவளால் நகர முடியவில்லை. எச்சரிக்கை வண்டி ஓட்டுகிற ஆட்டோக்காரர் டீசல் போட வந்தபோது மாடியிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"பட்டறைத் தெருவுக்குப் போனியாப்பா?"

"ரெண்டு தடவை போயிட்டு வந்துட்டேன்க்கா. நிறுத்தி நிறுத்திப் போட்டேன்."

அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. என் குரல் போயிருக்கிறதே, அப்புறம் என்ன என்று நினைத்தாள். திரும்பிப் போய் அடுத்த வண்டியை அறிவித்தாள்.

சாயங்காலம் ஆற்று வாய் வழியாகக் கடல் உள்ளே வந்தது.

பிறகு நடந்ததை அண்ணிதான் சொன்னாள். பள்ளிக்கூடத்து வராந்தாவில், இடுப்புவரை சேற்றோடு நின்று சொன்னாள். காலையிலிருந்து அவள் பையைக் கட்டி வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாளாம். போகலாம் போகலாம் என்று நச்சரித்தாளாம். "அவ ஊர்ல இருந்துக்கிட்டு என்னைத் திட்டாம விடுவாளா? இது பழைய டேப்பு. நிஜமா இருந்தா வாசல்ல வந்து நிப்பா" என்றாராம் அண்ணன். தெருவே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது. தண்ணீர் வாசல்படி ஏறிய பிறகுதான் எல்லோரும் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்கள். அண்ணியைப் பக்கத்து வீட்டுக்காரர்களோடு அனுப்பிவிட்டு, "ஊரான் வீட்டு எஞ்சின், சங்கிலியில மேலே ஏத்திட்டு வந்துடறேன்" என்று அவர் உள்ளே போனார்.

"நீ வருவேன்னுதான் உக்காந்திருந்தார்" என்றாள் அண்ணி.

தண்ணீர் வடிந்த பிறகுதான் அவரை எடுத்தார்கள். சுவர் அவர்மேல் விழுந்திருந்தது. எஞ்சின் மட்டும் பத்திரமாக உத்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தெருவில் மொத்தம் நாலு சாவு. மைக்கக்கா அழுதாள் என்று சொன்னால் அது போதாது. ஊரையே எழுப்பிய தொண்டை அது, அன்றைக்கு அதிலிருந்து சத்தம் வரவில்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. தையற்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

இன்னொரு கொடுமையும் நடந்தது. குடிதண்ணீர் லாரி எங்கே நிற்கிறது என்று சொல்ல அந்த ஆட்டோக்காரர் தெருவுக்குள் வந்தார். சாவியைத் திருப்பியதும் பழைய பதிவு தானாக ஓட ஆரம்பித்துவிட்டது. இடிந்த சுவர்களுக்கு நடுவில் அவளுடைய குரல், வேர்வையும் பதற்றமும் இல்லாமல், பொதுமக்கள் உடனடியாகக் கிளம்ப வேண்டும் என்று சொன்னது. ஆட்டோக்காரர் பதறிப்போய் நிறுத்தினார். ஆனால் அவள் கேட்டுவிட்டாள். முதல் தடவையாக அந்தத் தெருக்காரியாக நின்று கேட்டாள். பேருந்து தாமதம் என்று சொல்கிற குரல்தான் அது. இதைக் கேட்டு நானே கிளம்பியிருக்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரிந்தது.

அண்ணியைத் தன் வீட்டுக்கே கூட்டி வந்தாள். அண்ணி வந்தாள், ஆனால் அவளோடு பேசவில்லை. கோபமாகவும் இல்லை, பேசவில்லை அவ்வளவுதான். "அவங்களைச் சாப்பிடச் சொல்லுங்க" என்று இவள் சொல்ல, "பசிக்கலைன்னு சொல்லுங்க" என்று அவள் சொல்ல, வாயே திறக்காத தையற்காரர் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசினார். ராத்திரி அண்ணி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். இவள் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள்.

மழைக்காலம் முடியப்போகிறது என்று எல்லோரும் பெருமூச்சு விட்ட நேரத்தில் நாலாவது கிளம்பியது. அதிகாரி பேருந்து நிலையத்து மாடிப்படி ஏறி வந்தார். முன்பே சாவுக்கு வந்து ஓரமாக நின்றுவிட்டுப் போனவர்தான். கேட்க வந்ததைக் கேட்க முடியாமல் தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார்.

"டேப் வேண்டாம் சார். நான் வர்றேன்" என்றாள் அவள்.

மற்ற வண்டிகளுக்கும் ஆள் பிடித்தார்கள். ஒன்றில் பள்ளிக்கூட ஆசிரியை. இன்னொன்றில் மீன் ஏலம் போடுகிறவர். அவர் புயலையே ஏலம் விடுகிற வேகத்தில் கத்திக்கொண்டு போனார் என்றாலும், ஜனங்கள் கிளம்பினார்கள். அவள் புறப்படும்போது அண்ணி வாசலில் நின்றாள். எந்தத் தெருவுக்குப் போகிறாய் என்று கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

பட்டறைத் தெருவில் பாதி வீடு தார்ப்பாய்தான். மிச்சமிருந்த சாமானை வைத்து அப்போதுதான் பிழைப்பை மறுபடியும் ஆரம்பித்திருந்தார்கள். வண்டி உள்ளே போனதும் ஆட்கள் வாசலுக்கு வந்தார்கள். அவள் படித்தாள். படித்து முடித்தும் ஒருவரும் அசையவில்லை. போனால் இருப்பதும் திருட்டுப் போகும், போகாவிட்டால் உயிர் போகும். மனிதர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் கால் ஊன்ற முடியாமல் நின்றார்கள். சொன்ன பேச்சைக் கேட்காத ஜனம் என்று டிவியில் பேசுகிறவர்களை ஒரு நாள் அங்கே கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

டீக்கடைக்காரர் கிட்டே வந்தார். "நிஜமாவாக்கா?"

"நிஜம்தாங்க. இன்னிக்கே வருது."

அவர் தலையாட்டினார். ஆனால் போகவில்லை. அவர் கண் அவளைத் தாண்டித் தெருவின் நடுவுக்குப் போயிற்று. அங்கே அண்ணன் வீடு இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை மட்டும் கிடந்தது. வாசல்படி ஒன்று மிச்சம். மற்றவர்களும் அங்கேதான் பார்த்தார்கள். வாய் விட்டுக் கேட்கிற துணிச்சல் ஒருவருக்கும் இல்லை. எப்படிக் கேட்பார்கள்?

அவளுக்குப் புரிந்துவிட்டது.

"வண்டியை அங்கே நிறுத்துப்பா" என்றாள்.

"அக்கா…" என்றார் ஆட்டோக்காரர்.

"எப்பவும் நிறுத்துற இடத்துல நிறுத்து."

வண்டி அந்த வாசல்படிக்கு நேராக நின்றது. அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். காற்று கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்தது.

"அண்ணா!" என்றாள். மூன்று தெருவுக்குக் கேட்டது. "உனக்குத்தான் சொல்றேன்! காது அடைச்சிருக்கா? எஞ்சினைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தது போதும், எந்திரி! இது டேப் இல்ல. நான்தான் வந்திருக்கேன். நானே வந்துட்டேன், பாரு. இன்னும் எதுக்கு உக்காந்திருக்கே? கிளம்பு அண்ணா. தெருவையே கூட்டிக்கிட்டுக் கிளம்பு!"

ஒருவரும் சிரிக்கவில்லை. டீக்கடைக்காரர்தான் முதலில் திரும்பி நடந்து, கடை ஷட்டரை இழுத்து இறக்கினார். அப்புறம் வெல்டிங் கடை. அப்புறம் வரிசையாகக் கதவுகள். பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் பட்டறைத் தெரு முழுவதும் மூட்டையும் முடிச்சுமாக மேட்டைப் பார்த்து நடந்தது. அந்த வாசல்படியைத் தாண்டும்போது சிலர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்கள். கடைசி ஆள் போகிறவரை அவள் வண்டியை எடுக்கவிடவில்லை.

அந்தப் புயலும் வந்தது. ஏமாற்றவில்லை. தார்ப்பாய் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

பள்ளிக்கூடத்தில் வகுப்பறை நிறையக் கூட்டம். நனைந்த துணியோடு அவள் உள்ளே வந்தபோது அண்ணி மூலையில் பாயை விரித்து உட்கார்ந்திருந்தாள். தையற்காரர் பக்கத்தில் இல்லை, தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். பேச்சைக் கொண்டுபோய்க் கொடுக்க நடுவில் ஆள் இல்லை. அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். "நம்ம தெரு வந்துடுச்சா?"

"எல்லாரும் வந்துட்டாங்க அண்ணி."

"அவரைத் திட்டினியா?"

"திட்டினேன்."

"நல்லாவா?"

"எப்பவும் போலத்தான்."

அண்ணி பாயில் நகர்ந்து, சுவரோரமாக இடம் விட்டாள். மைக்கக்கா போய் உட்கார்ந்தாள்.